மூன்றாம் எண்ணில் பிறக்கும் இன்ஜின்கள்

கடையிலிருந்து வாங்கிவரும் டிஜிட்டல் மாதிரி ரயில் இன்ஜின் எதுவானாலும் அதன் முகவரி பெரும்பாலும் 3. நீராவியோ, டீசலோ, மின்சாரமோ, எந்த நாட்டில் செய்ததோ, ஏறக்குறைய எல்லாம் 3. புதிய இன்ஜின்கள் இரண்டை ஒரே பாதையில் நிறுத்தி, கையிலிருக்கும் கருவியில் 3 என்று அழுத்தி வேகத்தைக் கூட்டினால் இரண்டும் சேர்ந்தே கிளம்பும். ஒன்று நிற்க மற்றொன்று ஓட வேண்டுமானால் ஒன்றுக்காவது வேறு எண் கொடுத்தாக வேண்டும். இந்தப் பொழுதுபோக்கில் இறங்கும் எவரும் முதலில் கற்றுக்கொள்ளும் நிரலாக்கம் இதுதான். கொஞ்ச நாள் போனதும் அடுத்த ஆசை வரும். ஹாரன் காதைத் துளைக்கிறது, குறைக்க வேண்டும். நீராவியின் ‘புஸ் புஸ்’ சக்கரத்தோடு ஒத்துப்போகவில்லை, சரிசெய்ய வேண்டும்.

வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒரே வேலை. இன்ஜினுக்குள் இருக்கும் டிகோடர் என்ற நகத்தளவு மின்சுற்றுப் பலகையில் எண்ணிட்ட நினைவறைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் ஓர் எண்ணை எழுதுகிறோம், அவ்வளவே. ஆனால் முகவரியை மாற்றக் கற்றவர் உலகின் எந்த இன்ஜினிலும் அதை மாற்றிவிடலாம். ஒரு நிறுவனத்தின் இன்ஜினில் ஒலியைச் சரிசெய்யக் கற்றவர், அடுத்த நிறுவனத்தின் இன்ஜினிடம் போனால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். முகவரி எல்லாரும் கூடி ஒப்புக்கொண்ட விதி. குரல் அவரவர் விருப்பத்துக்கு விடப்பட்டது.

டிஜிட்டலுக்கு முந்தைய பழைய முறையில் முகவரி என்ற பேச்சே இல்லை. இரண்டு தண்டவாளங்களுக்கு இடையே 0 முதல் 12 வோல்ட் வரை நேர்மின்சாரம் கொடுப்பார்கள். வோல்ட் கூடினால் வேகம் கூடும். நேர்முனையும் எதிர்முனையும் இடம் மாறினால் இன்ஜின் பின்னால் போகும். ஆகவே பாதையில் நிற்கும் அத்தனை இன்ஜின்களும் ஒன்றாகவே ஓடும், ஒன்றாகவே நிற்கும். அவற்றைத் தனித்தனியே நடத்த, பாதையைத் துண்டு துண்டாக வெட்டி ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சுவிட்ச் வைத்தார்கள். உண்மையில் ஓட்டப்பட்டது பாதைதான். ரயில் அதன்மேல் போனது.

ஜெர்மனியின் கீசன் நகரைச் சேர்ந்த லென்ஸ் நிறுவனம் 1980-களின் பிற்பகுதியில் ஆர்னால்ட், மார்க்லின் என்ற இரண்டு மாதிரி ரயில் நிறுவனங்களுக்காக ஒரு டிஜிட்டல் முறையை உருவாக்கியது. அதே காலத்தில் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத வேறு முறைகளும் சந்தையில் இருந்தன. அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில்வே சங்கம் 1935 முதல் சக்கர விளிம்புக்கும் தண்டவாள இடைவெளிக்கும் தர அளவுகள் வகுத்துவந்த அமைப்பு. அது இருக்கும் முறைகளை ஆராய்ந்து லென்ஸின் முறையை அடிப்படையாக எடுத்துக்கொண்டு 1990-களின் முதற்பாதியில் பொதுத் தரமாக்கியது. அதைத்தான் டிசிசி என்கிறோம்.

டிசிசியில் தண்டவாளத்தின் மின்னழுத்தம் மாறுவதே இல்லை. சிறிய அளவு ரயில்களில் ஏறத்தாழ 15 வோல்ட் எப்போதும் இருந்துகொண்டே இருக்கும். அதன் திசை மட்டும் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை புரண்டுகொண்டிருக்கும். ஒவ்வொரு புரளலுக்கும் இடையே எவ்வளவு நேரம் என்பதில்தான் செய்தி இருக்கிறது. ஒரு பக்கம் 58 மைக்ரோ விநாடி, மறுபக்கம் 58 மைக்ரோ விநாடி என்று அலை குறுகலாக வந்தால் அது 1. ஒவ்வொரு பக்கமும் 100 மைக்ரோ விநாடியோ அதற்கு மேலோ நீண்டால் அது 0. இந்த அமைப்பின் அழகு எனக்கு இன்னும் அலுக்கவில்லை. அலையை நேர்மின்சாரமாகத் திருத்திக்கொண்டால் மோட்டாருக்கு உணவு. அதே அலையின் நீளத்தை அளந்தால் கட்டளை. இரண்டுக்கும் அதே இரண்டு கம்பிகள்தான். இன்ஜினைத் திருப்பி வைத்தாலும் குழப்பமில்லை, ஏனென்றால் 58-க்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை.

ஒரு கட்டளை இப்படி வரும். முதலில் குறைந்தது பதினான்கு 1-கள். கட்டளை வரப்போகிறது என்ற அறிவிப்பு. பிறகு ஒரு 0. அடுத்து முகவரிக்கு எட்டு பிட், ஒரு 0, கட்டளைக்கு எட்டு பிட், ஒரு 0, சரிபார்ப்புக்கு எட்டு பிட், முடிவில் ஒரு 1. புதிய இன்ஜினை 28 வேகப் படிகளில் ஆறாவது படியில் முன்னோக்கி ஓட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முகவரி 00000011, அதாவது 3. கட்டளை 01110100. இரண்டையும் பிட் பிட்டாக ஒப்பிட்டு, ஒன்றாக இருந்தால் 0, வேறுபட்டால் 1 என்று எழுதினால் 01110111 கிடைக்கும். அதுதான் சரிபார்ப்பு. தூசியாலோ, சக்கரம் ஒரு கணம் தண்டவாளத்தை விட்டதாலோ ஒரு பிட் பிசகினால் இந்தக் கணக்கு உதைக்கும். டிகோடர் அந்தக் கட்டளையை அப்படியே தள்ளிவிடும். நட்டமில்லை. முழுக் கட்டளைக்கும் ஏறத்தாழ 6 மில்லி விநாடிதான் ஆகிறது. கட்டளைகளை அனுப்பும் கட்டுப்பாட்டு நிலையம் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

பாதையில் நிற்கும் எல்லா இன்ஜின்களும் எல்லாக் கட்டளைகளையும் கேட்கின்றன. ரயில் நிலைய அறிவிப்பு எல்லார் காதிலும் விழுந்தாலும் அந்த வண்டிக்குரியவர்கள் மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு எழுவதுபோல, தன் எண்ணைக் கேட்ட டிகோடர் மட்டும் செயல்படுகிறது. அந்த எண் எங்கே இருக்கிறது? நினைவறைகளை ஆர்வலர்கள் சிவி என்பார்கள். ஒவ்வொன்றிலும் 0 முதல் 255 வரை ஓர் எண் அடங்கும். சிவி 1-இல் குறுமுகவரி இருக்கிறது. 1 முதல் 127 வரை எதுவும் ஆகலாம்.

நூற்றிருபத்தேழு போதாதா என்று கேட்கலாம். எண்ணிக்கைக்குப் போதும், மனத்துக்குப் போதாது. அசல் இன்ஜினின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண்ணையே முகவரியாக வைக்க எல்லாருக்கும் ஆசை. அப்படி வைத்தால் எதையும் தனியாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டாம். இன்ஜினைப் பார்த்தாலே எண் தெரியும். அந்த எண்கள் பெரும்பாலும் நான்கு இலக்கம். ஆகவே நெடுமுகவரி என்று ஒன்றை வகுத்தார்கள். அது ஓர் அறையில் அடங்காது. சிவி 17-லும் 18-லுமாகப் பிரிந்து உட்காரும்.

இங்கேதான் புதியவர்கள் தடுமாறுவார்கள். பிரிட்டனின் புகழ்பெற்ற நீராவி இன்ஜின் ‘ஃபிளையிங் ஸ்காட்ஸ்மன்’. 1923-இல் டான்காஸ்டர் பட்டறையில் உருவாகி, அடுத்த ஆண்டு 4472 என்ற எண்ணைப் பெற்றது. அதன் மாதிரிக்கு 4472 என்று முகவரி வைக்க வேண்டும். 4472-ஐ 256-ஆல் வகுத்தால் ஈவு 17, மீதி 120. மீதி அப்படியே சிவி 18-க்குப் போகிறது. ஈவோடு 192-ஐக் கூட்டி 209 என்று சிவி 17-இல் எழுத வேண்டும். ஏன் இந்த 192? கையேடுகள் வாய்ப்பாடாக ஒப்பித்துவிட்டு நகர்ந்துவிடும். காரணம் கட்டளையின் முதல் எட்டு பிட்டில் இருக்கிறது. அந்த இடத்தில் வரக்கூடிய 256 எண்களையும் தரம் வகுத்தவர்கள் பங்கு பிரித்திருக்கிறார்கள். 0 வந்தால் அது எல்லாருக்குமான கட்டளை. 1 முதல் 127 வரை குறுமுகவரி. 128 முதல் 191 வரை பாதை மாற்றிகள், சிக்னல்கள் போன்ற ஓடாத சாதனங்களுக்கு. 192 முதல் 231 வரை வந்தால் ‘இது நெடுமுகவரியின் முதற்பாதி, அடுத்த எட்டு பிட்டையும் சேர்த்துப் படி’ என்று பொருள். 255 வந்தால் யாருக்கும் இல்லாத வெற்றுக் கட்டளை. ஆக, சிவி 17-இல் நாம் எழுதுவது தண்டவாளத்தில் வரப்போகும் முதல் எட்டு பிட்டின் அசல் உருவத்தையே. அதன் உச்சம் 231 என்பதால் முகவரியின் உச்சம் 39 × 256 + 255, அதாவது 10239. பல கட்டுப்பாட்டுக் கருவிகள் 9999-லேயே நின்றுவிடும். இதே ஸ்காட்ஸ்மனுக்குப் பின்னாளில் பிரிட்டிஷ் ரயில்வே 60103 என்று எண்ணிட்டது. அந்தக் காலத்து வண்ணத்தில் மாதிரியை வாங்கியவர் முழு எண்ணையும் முகவரியாக வைக்க முடியாது. கடைசி இலக்கங்களான 103-ஐ எடுத்துக்கொள்ளலாம். அது குறுமுகவரியிலேயே அடங்கிவிடுகிறது.

17-லும் 18-லும் எழுதி முடித்தும் இன்ஜின் பழைய எண்ணுக்கே அசைந்தால் குற்றவாளி சிவி 29. அது தனி எண் போலத் தெரிந்தாலும் உண்மையில் எட்டு சுவிட்சுகளின் வரிசை. 1 என்ற மதிப்பு முன்பின் திசையை மாற்றும், 2 வேகப் படிகளைக் கூட்டும், 4 பழைய நேர்மின்சாரப் பாதையிலும் ஓட அனுமதிக்கும், 32 நெடுமுகவரியை இயக்கும். புதிய டிகோடரில் பெரும்பாலும் 6 இருக்கும்: 2-உம் 4-உம் சேர்ந்தது. அதோடு 32 சேர்த்து 38 என்று எழுதினால்தான் டிகோடர் சிவி 1-ஐ விட்டுவிட்டு 17, 18 பக்கம் திரும்பும்.

எழுதுவது இருக்கட்டும். பழைய இன்ஜின் ஒன்று கைக்கு வருகிறது, அதன் முகவரி யாருக்கும் தெரியாது. டிகோடருக்குப் பேச வாயில்லை. கட்டளைகள் நிலையத்திலிருந்து இன்ஜினை நோக்கி ஒரு பக்கமாகவே போகின்றன. இதற்குத் தரத்தை வகுத்தவர்கள் கண்ட வழிதான் இந்த முறை முழுவதிலும் எனக்கு மிகப் பிடித்த பகுதி. ‘உன் முதல் அறையில் கடைசி பிட் 1-ஆ?’ என்று நிலையம் கேட்கும். ஆம் என்றால் டிகோடர் தன் மோட்டாரை ஏறத்தாழ 6 மில்லி விநாடி இயக்கி, வழக்கத்தைவிடக் குறைந்தது 60 மில்லி ஆம்பியர் மின்சாரத்தைக் கூடுதலாக உறிஞ்சும். இல்லை என்றால் சும்மா இருக்கும். நிலையம் அந்த மின்சார ஏற்றத்தை அளந்து ஆம் என்று குறித்துக்கொள்ளும். இப்படி எட்டுக் கேள்வி, கடைசியில் முழு எண்ணையும் சொல்லி ஓர் உறுதிப்பாடு. வெளியே பார்ப்பவருக்கு இன்ஜின் நின்ற இடத்தில் துடித்துத் துடித்து முன்னே நகர்வது மட்டும் தெரியும்.

இதற்கென்று புரோகிராமிங் டிராக் என்று தனித் தண்டவாளத் துண்டு வைத்துக்கொள்வது வழக்கம். அங்கே அனுப்பும் கட்டளைகளில் முகவரியே கிடையாது. யாருடைய முகவரியும் தெரியாத இடத்தில் முகவரி போட்டு அழைக்க முடியாதே. ஆகவே அந்தத் துண்டில் நிற்பது எதுவோ அது கீழ்ப்படியும். தவறிப்போய்ப் பெரிய பாதையில் அனுப்பினால் அங்கே நிற்கும் அத்தனை இன்ஜின்களுக்கும் ஒரே முகவரி எழுதப்பட்டுவிடும். அந்தத் துண்டில் மின்சாரத்துக்கும் கட்டுப்பாடு உண்டு: 250 மில்லி ஆம்பியர். புதிதாகக் கம்பி இணைத்ததில் பிழை இருந்தால் டிகோடர் கருகிவிடாமல் காப்பதற்காக. ஒலி டிகோடர்கள் வந்தபோது இந்தக் காப்பே இடைஞ்சலானது. அவற்றில் இருக்கும் மின்தேக்கிகள் மின்சாரம் வந்ததும் பெருமளவில் உறிஞ்சும். அதை நிலையம் குறுக்குச்சுற்று என்று எண்ணி மின்சாரத்தை நிறுத்திவிடும், அல்லது இன்ஜினே இல்லை என்று அறிவிக்கும். இதற்காகவே இடையில் பொருத்தும் ஊக்கிக் கருவி விற்கிறார்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினின் சிவிகளைப் பெரிய பாதையிலேயே மாற்றவும் வழி இருக்கிறது. அப்போது முகவரி போட்டே அழைக்கலாம். ஆனால் பழைய அமைப்புகளில் பதில் வராது. பிற்காலத்தில் வந்த ரெயில்காம் என்ற ஏற்பாடு, ஒவ்வொரு கட்டளைக்குப் பிறகும் அரை மில்லி விநாடிக்கும் குறைவான இடைவெளி விட்டு டிகோடரைப் பேச அனுமதிக்கிறது. ஒலியைத் திருத்த அந்தப் பதில்கூடத் தேவையில்லை. எண்ணை மாற்றியதும் காதில் கேட்கிறதே.

எந்த எண்ணை மாற்றுவது என்பதுதான் சிக்கல். மொத்த ஒலியளவு ஈஎஸ்யூ நிறுவனத்தின் லோக்சவுண்ட் டிகோடரில் சிவி 63. சவுண்ட்ட்ராக்ஸின் சுனாமியில் 128. ஆஸ்திரியாவின் ஸிமோவில் 266. மணிக்கு ஒன்று, ஹாரனுக்கு ஒன்று, பிரேக் கிறீச்சிடுவதற்கு ஒன்று என்று பிரித்துச் சரிசெய்யப் போனால் லோக்சவுண்டில் முதலில் சிவி 31-இல் 16, சிவி 32-இல் 1 எழுதி நினைவகத்தின் ஒரு பக்கத்தைத் திறக்க வேண்டும். பிறகுதான் 259, 267, 275 என்று எட்டெட்டாகத் தாவும் அறைகள் ஒவ்வொரு ஒலிக்கும் கிடைக்கும். தரம் வகுத்த காலத்தில் இன்ஜினுக்குள் நல்ல ஒலி என்பது எட்டாக் கனி. நிறுவனங்கள் தங்கள் விருப்பப்படி நிரப்பிக்கொள்ளட்டும் என்று நிறைய அறைகளைக் காலியாக விட்டார்கள். அந்தத் தாராளம் இல்லாவிட்டால் இன்றைய ஒலி டிகோடர் வளர்ந்தே இருக்காது என்று நினைக்கிறேன். அதற்கான விலையை, கையேட்டைப் புரட்டும் பயனர் கொடுக்கிறார்.

இந்த அவதியைக் குறைக்கப் பிறந்ததுதான் ஜேஎம்ஆர்ஐ என்ற திறமூல மென்பொருள். கலிபோர்னியாவின் பெர்க்லியைச் சேர்ந்த இயற்பியலாளர் பாப் ஜேக்கப்சன் அதன் முதன்மை உருவாக்குநர். எந்த நிறுவனத்தின் எந்த டிகோடரில் எந்த அறை எதைக் கட்டுப்படுத்துகிறது என்ற அட்டவணைகளைத் தன்னார்வலர்கள் தொகுத்துச் சேர்த்தார்கள். பயனர் திரையில் ‘ஹாரன் ஒலியளவு’ என்ற பட்டையை நகர்த்தினால் போதும். மென்பொருள் சரியான அறையைத் தேடி எழுதும். இந்த அட்டவணைக் கோப்புகளை வேறொரு தரப்பு உரிம நிபந்தனைகளை மதிக்காமல் எடுத்துக்கொண்டதாக ஜேக்கப்சன் 2006-இல் வழக்குத் தொடுத்தார். இலவசமாகக் கொடுத்த ஒன்றின் உரிம நிபந்தனையை மீறினால் அது பதிப்புரிமை மீறலா, வெறும் ஒப்பந்த மீறலா என்பது கேள்வி. 2008 ஆகஸ்டில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்த நிபந்தனைகள் பதிப்புரிமைச் சட்டத்தின்படியே செல்லுபடியாகக்கூடியவை என்று தீர்ப்பளித்தது. 2010-இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. உலகெங்கும் திறமூல மென்பொருள் எழுதுபவர்கள் இன்றும் சுட்டிக்காட்டும் தீர்ப்பு அது. மாதிரி ரயிலின் நினைவறை அட்டவணையிலிருந்து பிறந்தது என்பதைப் பலர் அறிந்திருக்க மாட்டார்கள்.

எந்த அறை என்று தெரிந்துவிட்டால், என்ன எண் என்பதைக் காதுதான் முடிவு செய்ய வேண்டும். நீராவி இன்ஜினின் ‘புஸ்’ ஒவ்வொன்றும் சிலிண்டரின் ஒரு முனையிலிருந்து பயன்பட்ட நீராவி வெளியேறும் ஓசை. பிஸ்டனின் இரு பக்கமும் நீராவி வேலை செய்வதால், இரண்டு சிலிண்டர் உள்ள இன்ஜினில் சக்கரம் ஒருமுறை சுற்றுவதற்குள் நான்கு முறை கேட்கும். ஃபிளையிங் ஸ்காட்ஸ்மனுக்கு மூன்று சிலிண்டர், ஆகவே ஆறு. அதன் இயக்குசக்கரம் 2032 மில்லிமீட்டர் விட்டம். பிரிட்டனில் வழக்கமான 1:76 அளவு மாதிரியில் அது 27 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு; ஒரு சுற்றுக்கு 84 மில்லிமீட்டர். ஆக, மாதிரி 14 மில்லிமீட்டர் நகரும்போதெல்லாம் ஒரு ‘புஸ்’ வர வேண்டும். சக்கரத்தில் உணரி பொருத்தாத டிகோடர், மோட்டார் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பதிலிருந்து இதைக் கணக்கிடுகிறது. மோட்டாருக்கு மின்சாரம் விட்டுவிட்டுத்தான் போகிறது. விடும் அந்தச் சிறு இடைவெளிகளில் சுற்றும் மோட்டார் தானே உண்டாக்கும் மின்னழுத்தத்தை அளந்தால் வேகம் தெரிந்துவிடும். ஆனால் மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் இடையே எத்தனை பல் கொண்ட பற்சக்கரம் இருக்கிறது என்பது டிகோடருக்குத் தெரியாது. லோக்சவுண்டில் சிவி 57, 58 இரண்டும் அதைச் சொல்லிக்கொடுக்கத்தான். சக்கரத்தின் ஓர் ஆரத்தில் ஒரு புள்ளி வைத்து, மிகமெதுவாக ஓடவிட்டு, ஒரு சுற்றுக்கு எத்தனை என்று எண்ணிச் சரிசெய்வார்கள். வேகமாக ஓடும்போது இந்தக் கவலை இல்லை. அசல் இன்ஜின் மணிக்கு 60 மைலில் ஓடினால் நொடிக்கு ஏறத்தாழ 25 ‘புஸ்’. காது அவற்றைப் பிரித்தறியாமல் ஒரே இரைச்சலாகக் கேட்கும்.

டீசலில் வேறு கதை. அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனம் வடிவமைத்த 251 என்ற இன்ஜின் குடும்பத்துக்கு ஒலி டிகோடர் சந்தையில் நல்ல வரவேற்பு. அந்த ஓசை தமிழ்நாட்டுக் காதுகளுக்குப் புதிதல்ல. வாரணாசியில் ஆல்கோ உரிமத்தின்கீழ் உருவான டபிள்யூடிஎம்-2 இன்ஜின்களின் இதயம் அதே 251-இன் பதினாறு சிலிண்டர் வடிவம், 2600 குதிரைத்திறன். ஈரோட்டிலும் பொன்மலையிலும் அவை பல காலம் உறுமின. அந்த இன்ஜின் சும்மா நிற்கையில் நிமிடத்துக்கு 400 சுற்று. நான்கு வீச்சு இன்ஜின் என்பதால் ஒவ்வொரு சுற்றிலும் எட்டு சிலிண்டர் வெடிக்கும். நொடிக்கு 53 வெடிப்பு. 53 ஹெர்ட்ஸ் என்பது அடிவயிற்றில் உணரும் ஓசை. மாதிரிக்குள் வைக்கும் ஒலிபெருக்கியோ 11-க்கு 15 மில்லிமீட்டர். சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே அதனால் காற்றை அசைக்கவே முடியாது. ஆனாலும் உறுமல் உறுமலாகவே கேட்கிறது. 53-இன் மடங்குகளாக மேலே அடுக்கடுக்காக வரும் அதிர்வுகளை ஒலிபெருக்கி தருகிறது. அவற்றின் இடைவெளியை வைத்து மூளை இல்லாத அடிஸ்தாயியைத் தானே கட்டியெழுப்பிக்கொள்கிறது. 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் கடத்தாத பழைய தொலைபேசியில் ஆணின் கனத்த குரல் கனமாகவே கேட்டதும் இதனால்தான். ஒலிபெருக்கியின் முதுகில் காற்றுப் புகாத சிறு கூடு மட்டும் கட்டாயம். இல்லையென்றால் முன்பக்க அலையைப் பின்பக்க அலை அழித்துவிடும். எந்த சிவியாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

ஒலியளவைப் பற்றி எனக்குத் திடமான கருத்து உண்டு: குறைக்க வேண்டும், நினைப்பதைவிட அதிகமாகக் குறைக்க வேண்டும். 1:87 அளவில் ஒரு மீட்டர் தள்ளி நின்று பார்ப்பவர், அந்தச் சிற்றுலகில் 87 மீட்டர் தொலைவில் நிற்கிறார். ஒரு மீட்டரில் கேட்கும் அசல் ஓசை அந்தத் தொலைவில் 39 டெசிபெல் குறைந்திருக்கும். கனத்தைக் காட்டுவது உரத்த ஓசை அல்ல, தாமதம். சிவி 3 வேகமெடுக்கும் தாமதம், சிவி 4 நிற்கும் தாமதம். சிவி 3-இல் 40 என்று எழுதினால் முழு வேகத்தை எட்ட ஏறத்தாழ 36 விநாடி ஆகும். ஒலி டிகோடர் அந்த இடைவெளியில் முதலில் இன்ஜினின் உறுமலை உயர்த்துகிறது. சக்கரம் பிறகுதான் மெல்ல நகர்கிறது. இருநூறு கிராம் பிளாஸ்டிக்கும் உலோகமும் நூறு டன்னாகத் தோன்றுவது அந்தச் சில நொடிகளில்தான்.

முகவரியும் குரலும் மோதிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு: இரண்டு மூன்று டீசல்களை ஒரே ரயிலுக்குப் பூட்டும்போது. சிவி 19-இல் எல்லாவற்றுக்கும் பொதுவான ஓர் எண் எழுதினால் வேகக் கட்டளைக்கு எல்லாம் சேர்ந்து கீழ்ப்படியும். பின்னோக்கித் திரும்பியிருக்கும் இன்ஜினுக்கு அந்த எண்ணோடு 128 கூட்ட வேண்டும். ஹாரனும் விளக்கும் மட்டும் சொந்த முகவரிக்கே கட்டுப்படும். பொது எண்ணுக்கும் அவை இசைய வேண்டுமானால் சிவி 21, 22-இல் அனுமதி கொடுக்க வேண்டும். அதை முன்னால் இருக்கும் இன்ஜினுக்கு மட்டும் கொடுத்தால் ஹாரன் ஒன்றே ஒலிக்கும். வெவ்வேறு நிறுவன டிகோடர்களைக் கலந்தால் இன்னொரு வேடிக்கை நடக்கும். எட்டாம் பொத்தானை அழுத்தினால் லோக்சவுண்ட் இன்ஜின் உறுமி எழும். சுனாமி உள்ள இன்ஜின் வாயடைத்துக்கொள்ளும், ஏனென்றால் அங்கே அந்தப் பொத்தானுக்கு அமைதி என்று பொருள். ஒரே நிறுவனத்தின் ஒரே ஒலிக்கோப்பை இரண்டு இன்ஜின்களுக்கும் போட்டாலோ இரண்டு உறுமல்களும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து செயற்கையாக நெளியும். அனுபவசாலிகள் இரண்டாவதற்கு வேறு ஹாரனைத் தேர்ந்தெடுத்து, சிவி 3-ஐ ஓரிரண்டு எண் மட்டும் மாற்றி, ஒலியளவை முன்னதைவிடக் கொஞ்சம் தாழ்த்தி வைக்கிறார்கள்.